நெல் ஓடும் தகட்டில் மா ஏன் நிற்கிறது?

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் நெல்லும் மாவும் ஒரே கொட்டிலில் அரைக்கும் மில்களில் ஹொப்பர்களை, அதாவது அடியில் வாயுள்ள சரிவுத் தொட்டிகளை, கவனித்துப் பாருங்கள். நெல் கொட்டும் ஹொப்பரின் வெளித்தகடு அடிபடாமல் சீராக இருக்கும். மா சேரும் தொட்டியின் தகடு சுத்தியல் அடி வாங்கி வாங்கிப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். "காக்கா, வாய் அடைச்சிட்டு" என்று பெடியன் மூத்தவரைக் கூப்பிட்டுக் கத்தினால் கையில் அகப்படுவது சுத்தியல்தான். தகடு இரண்டுக்கும் ஒன்று, ஒட்டியவரும் ஒருவர், சரிவும் ஒன்று. மெஷினுக்குள் போனது அரிசி, வெளியே வந்ததும் அரிசி. மாறியது பருமன் மட்டும். பருமன் மாறியதும் உராய்வே வேறொன்றாகிவிடுகிறது.

உயர்தர பௌதிகவியலில் படிக்கிற விதி எல்லோருக்கும் தெரியும்: எல்லை உராய்வு (வழுகத் தொடங்கும் தறுவாயில் உள்ள உராய்வு) செவ்வன் மறுதாக்கத்துக்கு (பரப்பு செங்குத்தாகத் திருப்பித் தள்ளும் விசைக்கு) நேர்விகிதசமன், தொடும் பரப்பளவில் தங்கியிராது. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிமிர்த்திவைத்து இழுத்தாலும் ஒரே விசைதான். 1493 அளவிலேயே லியனார்டோ டா வின்சி இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார், ஆனால் வெளியிடவில்லை. 1699இல் அமொன்டன் திரும்பக் கண்டுபிடித்தார், 1785இல் கூலோம் விரிவாக அளந்து எழுதினார். செங்கல், நெல் மூட்டை, தோணி எல்லாவற்றுக்கும் இந்த விதி நன்றாகவே பொருந்துகிறது. அதனால் அட்டவணையில் உள்ள உராய்வுக் குணகத்தை (உராய்வைச் செவ்வன் விசையால் வகுத்த எண்ணை) இரும்பின் அடர்த்தியைப் போல அந்தப் பொருளுக்கே உரிய எண் என்று நினைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண் இரண்டு மேற்பரப்புகளுக்கு இடையிலானது, அதிலும் ஒரு குறிப்பிட்ட அளவு எல்லைக்குள் மட்டும் நிலைப்பது.

தராசுப் படிக்கல் ஒன்றை எடுங்கள். 1 கிலோ, அடிப்பக்கம் 5 சென்ரிமீற்றர் விட்டம். இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் முழு அடியும் தொடுகிறது போலத் தெரியும். உண்மையில் இரு பக்கத்து நுண்மேடுகளின் உச்சிகள் மட்டும்தான் தொடுகின்றன. அந்த உச்சிகள் நசுங்கி, நசுங்கி, பாரத்தைத் தாங்குமளவு பரப்பு கிடைத்ததும் நின்றுவிடும். மெல்லிரும்பின் வன்மை சதுர மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1500 நியூட்டன். படிக்கல்லின் நிறை ஏறக்குறைய 10 நியூட்டன். வகுத்தால் மெய்யான தொடுகைப் பரப்பு 0.0067 சதுர மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியும் அடிப்பரப்பில் அது ஏறக்குறைய மூன்று இலட்சத்தில் ஒரு பங்கு. 1930களின் பிற்பகுதியிலிருந்து போடனும் டேபரும் காட்டியது இதைத்தான்: உராய்வு என்பது இந்தச் சின்னச் சந்திகளை வெட்டி நகர்த்தும் விசை. பாரம் இரட்டித்தால் மெய்ப்பரப்பு இரட்டிக்கும், உராய்வும் இரட்டிக்கும். செங்கல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மேடுகள் நசுங்காமல், ரப்பர்ப் பந்து போல அமுங்கித் திரும்பினால்? வழுவழுப்பான ஒரேயொரு உருண்டை தட்டையான பரப்பைத் தொடும்போது, தொடுகைப் பரப்பு பாரத்தின் மூன்றில் இரண்டாம் அடுக்கில்தான் கூடும் என்று ஹெர்ட்ஸ் 1882இல் காட்டியிருந்தார். பாரத்தை 8 மடங்காக்கினால் பரப்பு 4 மடங்குதான். அப்படியென்றால் உராய்வுக் குணகம் பாதியாக விழ வேண்டும். படிக்கல்லில் அப்படி விழுவதில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு தொடுகை அல்ல, எண்ணற்ற தொடுகைகள். பாரம் கூடும்போது பழைய சந்திகள் பெரிதாவதை விடப் புதிய சந்திகள் பிறப்பதுதான் அதிகம். சராசரி அளவு மாறாது, எண்ணிக்கை மட்டும் கூடும். 1966இல் கிரீன்வூட், வில்லியம்சன் இருவரும் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஆகவே அமொன்டனின் விதி ஒரு கூட்டத்தின் விதி. கூட்டம் கலைந்தால் விதியும் கலையும்.

மருதமுனையில் கைத்தறி பிடிப்பவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த விசயம். நூலும் நூலும் உரசும் இடத்தில் தொடுகைகள் கொஞ்சம். அங்கே உராய்வு பாரத்தின் 0.67க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் அடுக்கில் போகிறது. பாரம் குறையக் குறையக் குணகம் கூடும் என்பதே அதன் அர்த்தம். அதனால் பாவு (தறியின் நீளவாட்டு நூல்) தளர்ந்து நிற்கும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று அதிகமாகப் பிடிக்கும். பாவுக்குக் கஞ்சி போடுவது நூலுக்குப் பலம் கொடுக்க மட்டுமல்ல. நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைப் படுக்கவைத்து, உரசும் இடங்களைக் குறைப்பதும் அதன் வேலை.

இனி மாவுக்கு வருவோம். பள்ளிக்கூடச் சமன்பாட்டில் ஓர் உறுப்பு விடுபட்டுப் போயிருக்கிறது. 1934இல் டெர்ஜாகின் அதைச் சேர்த்தார்: உராய்வு = குணகம் × (செவ்வன் விசை + ஒட்டு விசை). எந்த இரண்டு திண்மங்களும் நானோமீற்றர் நெருக்கத்துக்கு வந்தால் வந்தர்வாலிசு விசையால் ஒன்றையொன்று இழுக்கும். பொருள் பெரிதாக இருந்தால் நிறைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. சிறிதாகும்போது நிறை நீளத்தின் மூன்றாம் அடுக்கில் சரிகிறது. ஒட்டு விசை அப்படிச் சரிவதில்லை. கரடான துணிக்கைகளில் அது தொடும் நுனியின் கூர்மையில்தான் தங்கியிருக்கிறது, துணிக்கையின் பருமனில் அல்ல.

எண்ணில் பார்த்தால் விளங்கும். கரடான ஒரு நுனித் தொடுகையின் ஒட்டு விசையைக் கிட்டத்தட்ட 10 நானோநியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நெல்மணி 25 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 245,000 நானோநியூட்டன் நிறை. ஒட்டு விசை அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 50 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள அரிசி மாத் துணிக்கையின் நிறையோ 1 நானோநியூட்டன் அளவுதான். ஒட்டு விசை அதைப் போல் பத்து மடங்கு. குணகம் 0.5 என்று வைத்தால் உராய்வு மட்டும் நிறையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். அந்தத் துணிக்கை சாய்வுத் தகட்டில் வழுகாது. தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினாலும் வழுகாது. கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. தட்டினால் விழும், ஏனென்றால் ஒரு தட்டு புவியீர்ப்பைப் போல் பல பத்து மடங்கு ஆர்முடுகலைக் கொடுக்கும். அரிதட்டைத் தட்டித் தட்டி அரிப்பதன் பலன் இதுதான். ஆனால் தனித்த அரிசி மாப்பொருள் மணி ஒன்று 5 மைக்ரோமீற்றர் அளவே. அதற்கு ஒட்டு விசை நிறையைப் போல் பத்தாயிரம் மடங்கு. எவ்வளவு தட்டினாலும் தகட்டில் வெள்ளைப் படலம் மிஞ்சுவது அதனால்தான். அதை ஈரத்துணி கொண்டு துடைத்துத்தான் எடுக்கலாம்.

நிறையும் ஒட்டு விசையும் சமப்படும் இடம் ஏறக்குறைய 100 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று. ரவை அந்தக் கோட்டுக்கு மேலே, மா அதற்குக் கீழே. அரிதட்டின் கண்ணை ஒரு இலக்கம் மாற்றினால் ஹொப்பரின் குணமே மாறிவிடுவது இந்தக் கோட்டினால்தான்.

மில்லுக்கு இதிலிருந்து வரும் கணக்குகள் நேரடியானவை. நெல்லுக்கு ஹொப்பர் வாய் மணியின் நீளத்தைப் போல் 6 முதல் 8 மடங்கு இருந்தால் போதும். 8 மில்லிமீற்றர் மணிக்கு 5–6 சென்ரிமீற்றர். அதற்குக் குறைந்தால் மணிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து வில்வளைவு கட்டிவிடும். மாவில் வளைவு கட்டுவது மணிகளின் முட்டு அல்ல, ஒட்டு. அங்கே மணியின் நீளத்தை வைத்து வாயைத் தீர்மானிக்கவே முடியாது. அமுங்கிய மாக்கட்டி எவ்வளவு பாரத்துக்கு உடைகிறதோ அந்தப் பலத்தை, அதன் அடர்த்தி தரும் நிறையோடு ஒப்பிட வேண்டும். சதுர மீற்றருக்கு 500 நியூட்டன் பலமும், கன மீற்றருக்கு 500 கிலோ அடர்த்தியும் உள்ள மாவுக்கு வட்ட வாய் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் வேண்டும். 1964இல் ஜெனிக்கே வகுத்த இந்த முறையைத்தான் இன்றும் பெரிய ஆலைகள் பின்பற்றுகின்றன. எங்கள் ஊர்த் தொட்டிகளின் வாய் பெரும்பாலும் இதில் பாதிதான். அடைப்பது மாவின் குற்றமல்ல.

சரிவில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. நெல்லுக்குச் சுவர்ச் சரிவு கிடையிலிருந்து 45 பாகை, தவிட்டுக்கும் மாவுக்கும் 60 பாகைக்குக் குறையாமல் என்பது நடைமுறை. ஆனால் சதுர ஹொப்பரில் இரண்டு சுவர்கள் சேரும் மூலையின் சரிவு எப்போதும் குறைவு. 60 பாகைச் சுவர்களுக்கு மூலை 51 பாகைதான், 45 பாகைச் சுவர்களுக்கு 35. பெரும்போக அறுவடையில் மழையில் நனைந்து வரும் நெல் அந்த 35 பாகை மூலையில் தங்கி, பழைய நெல்லாகிப் பூஞ்சணம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புது நெல்லோடு கலக்கும். மூலையை வளைத்து ஒட்டுங்கள், அல்லது தகட்டுத் துண்டு வைத்து நிரப்புங்கள். செலவு சிறிது, பலன் பெரிது.

சுத்தியல் வேண்டாம். ஒவ்வொரு அடியும் தகட்டை உள்ளே பிதுக்குகிறது, அடுத்த முறை மா தங்குவது அந்தப் பிதுக்கத்தின் மேல்தான். வாய் மூடியிருக்கும்போது அதிரவைப்பதும் கூடாது. துணிக்கைகள் நெருங்கி, தொடுகைகள் கூடி, மா இன்னும் இறுகும். அதிர்வு கொடுப்பதானால் வாய் திறந்திருக்கும்போது மட்டும். இரவு தொட்டியில் மாவை விட்டுவைக்கவும் கூடாது. அமுங்கிய தொடுகைகள் நேரத்தோடு மெதுமெதுவாகப் பரந்து பலப்படும். ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குக் கூடுகிற அளவே பத்து நிமிடத்திலிருந்து நூறு நிமிடத்துக்கும் கூடும். அரைத்த சூட்டோடு உறையில் கட்டினாலும் கட்டிபடும், ஏனென்றால் உள்ளே ஆவி குளிர்ந்து துணிக்கைகளுக்கு இடையே தண்ணீராகிறது.

உயர்தர மாணவர்கள் இதைப் பலகையிலேயே அளக்கலாம். 1 மீற்றர் பலகையில் சுத்தமான கல்வனைஸ் தகட்டைப் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் திறந்த தகர வளையம் ஒன்று, 10 சென்ரிமீற்றர் விட்டம், 3 சென்ரிமீற்றர் உயரம். அதில் நெல்லை நிரப்பி, வளையம் தகட்டில் முட்டாதபடி ஒரு மில்லிமீற்றர் தூக்கி, பலகையின் ஒரு நுனியை மெதுவாக உயர்த்துங்கள். வழுகத் தொடங்கும் உயரத்தை நீளத்தால் வகுத்தால் சைன் வரும். 45 சென்ரிமீற்றரில் வழுகினால் கோணம் 26.7 பாகை, குணகம் 0.50. பிறகு நெல்லின் மேல் 200, 500, 1000 கிராம் படிக்கல் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். நெல்லுக்குக் கோணம் அசையாது. இதையே மாவுக்குச் செய்தால், பாரம் கூடக்கூடக் கோணம் இறங்கும். பலகைக்குப் பதிலாக விற்றராசால் கிடையாக இழுத்து, உராய்வைப் பாரத்துக்கு எதிராக வரைந்தால் நெல்லின் கோடு உற்பத்தியினூடாக (0, 0 புள்ளி வழியே) போகும், மாவின் கோடு அதற்கு மேலே அச்சை வெட்டும். அந்த வெட்டுத்துண்டுதான் ஒட்டு. கைவிரலின் எண்ணெய் தகட்டில் பட்டால் எண்கள் கெடும். வளையம் தகட்டில் உரசினாலும், பலகையை உலுக்கித் தூக்கினாலும் கெடும். ஒவ்வொரு அளவுக்கும் நிரப்பியதிலிருந்து தூக்கும் வரை ஒரே நேரம் விடுங்கள். ஒரு நாள் மழையிலும் மறுநாள் கச்சான் காற்றிலும் அளந்த எண்களைக் கலக்கவேண்டாம்.

தண்ணீர் வந்தால் ஒட்டு இன்னொரு படி ஏறும். கல்லடிக் கடற்கரையில் காய்ந்த மணல் குவித்தால் 34 பாகையளவில் சரிந்து நிற்கும், ஈர மணலில் செங்குத்துச் சுவர் எழுப்பலாம். அரை மில்லிமீற்றர் மணிகள் இரண்டுக்கு நடுவே உள்ள தண்ணீர்ப் பாலம், மணிகள் வழுவழுப்பாக இருந்தால், மணியின் நிறையைப் போல் ஏறத்தாழ 65 மடங்கு விசையோடு இழுக்கும். கரடு அதைக் குறைத்தாலும் மிஞ்சுவது தாராளம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தண்ணீரே போதும். இடைவெளி முழுவதும் நிரம்பினால் பாலங்கள் மறைந்து சுவர் இடியும்.

பிட்டுக்கு மா குழைக்கும் கை இந்த எல்லையைத் தொட்டே பார்க்கிறது. பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் உதிர வேண்டும். தண்ணீர் குறைந்தால் மாவாகவே கிடக்கும். கூடினால் பாலங்கள் ஒன்றாகி உருண்டையாகும். பிறகு தம்ளர் விளிம்பால் கொத்துகிறோமே, அதில் 50 மைக்ரோமீற்றர் மா 3 மில்லிமீற்றர் மணியாகிறது: நிறை இரண்டு இலட்சம் மடங்குக்கு மேல். மில் கீழே இறக்கியதைக் கை மேலே ஏற்றிவிடுகிறது. மணி நெல்லைப் போல உதிர்ந்து குழலில் விழும், இடையால் ஆவி ஏறும். குழலில் போட்டு இறுக அமத்தினால் வேகாத நடுப்பகுதி வருவது அந்த வழி அடைபடுவதால்தான்.

தோணி இழுப்பவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. காய்ந்த மணலில் இழுக்கும்போது பலத்தில் பெரும்பங்கு அடிப்பலகையின் உராய்வுக்குப் போவதில்லை, முன்னால் குவியும் மணலைத் தள்ளுவதற்குப் போகிறது. அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 2014இல் அளந்தபோது, சரியான ஈரத்தில் சறுக்குப் பலகையை இழுக்கும் விசை ஏறத்தாழப் பாதியானது. காலால் மிதித்துப் பாருங்கள்: தடத்தின் விளிம்பு உடையாமல் நிற்க வேண்டும், தண்ணீர் கசியக்கூடாது. தட்டையான அடியுள்ள வள்ளத்துக்கே இது நன்றாக உதவும். கூரிய அடிக்கட்டை மணலை வெட்டிக்கொண்டு இறங்கும், அதற்கு உருளைதான் வழி.

கைபேசித் திரையைத் திருப்பும் சில்லுக்குள் அசையும் சிலிக்கன் துண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி ஒரு சில மைக்ரோமீற்றர். செய்யும்போது கழுவும் தண்ணீர் காய்கையில் துண்டை இழுத்து ஒட்டிவிடும், பிறகு பிரியாது. அதனால் திரவமாகவும் வாயுவாகவும் இல்லாத நிலைக்குக் கொண்டுபோன காபனீரொட்சைட்டில் காயவைக்கிறார்கள், தொடக்கூடிய இடங்களில் சின்ன மேடுகள் வைக்கிறார்கள். அந்த அளவில் வழுவழுப்பு எதிரி, கரடு நண்பன்.

இன்னும் கீழே போனால் உராய்வில் அணுக்களின் வரிசையே தெரியும். 1987இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் தங்குதன் ஊசி முனையைக் காரீயத்தின் (பென்சில் கரியான கிராபைற்றின்) மேல் இழுத்தபோது, விசை 0.25 நானோமீற்றருக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. அது காரீயத் தளத்தில் அணுக்கோலம் திரும்ப வரும் தூரம். 2004இல் லைடனில் ஒரு காரீயச் செதிலை இன்னொரு காரீயத் தளத்தின் மேல் திருப்பித் திருப்பி இழுத்தார்கள். 60 பாகைக்கு ஒருமுறை இரண்டு வரிசைகளும் பொருந்தும்போது உராய்வு எழுந்தது, இடையில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. பொருளும் ஒன்று, பாரமும் ஒன்று, கோணம் மட்டும் வேறு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எங்கள் நாடே தோண்டும் பொருள் இது. கடற்கரை வீட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டால் மணல் வந்து ஒட்டும். 4பி பென்சிலின் கரியைச் சுரண்டித் திறப்பில் பூசித் திருப்புங்கள். காரீயம் வழுக்குவதற்குக் காற்றின் ஈரம் வேண்டும், வெற்றிடத்தில் அது உரசித் தேயும். எங்கள் கரையில் ஈரத்துக்குக் குறைவில்லை.

மறுமுனையில் இருப்பது, கல்முனையிலும் நாவலடியிலும் யாரும் மறக்காத உராய்வு. 2004 டிசம்பர் 26 காலை 7 மணிக்குச் சற்று முன், சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை 1200 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஒரு தொடுகை வழுகியது. நூற்றாண்டுகளாக இறுகியிருந்த புவித்தட்டுகள் சில நிமிடங்களில் பல மீற்றர் நகர்ந்தன. இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் எங்கள் கரைக்கு வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்.

ஆய்வுகூடத்தில் கையளவு பாறைகளை உரசினால், பெரும்பாலான பாறைகளுக்குக் குணகம் 0.6க்கும் 0.85க்கும் இடையில் வரும் என்று பையர்லி 1978இல் காட்டினார். 2011இல் ஜப்பானின் தொஹொக்கு நிலநடுக்கத்தில் தட்டு ஏறத்தாழ 50 மீற்றர் வழுகியது. அடுத்த ஆண்டே கடலடியில் துளையிட்டு, அந்தப் பிளவில் மிஞ்சியிருந்த உராய்வுச் சூட்டை அளந்தார்கள். ஒரு பாகை செல்சியசில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவான சூடு. அதிலிருந்து வந்த குணகம் 0.08. பிளவில் இருந்த வழுக்கும் களியும், சூடேறி விரிந்து பாறையைத் தூக்கிப் பிடித்த நீரும் அதற்குக் காரணம் என்கிறார்கள். கையளவுப் பாறையில் உராய்வு இறங்குவதற்குச் சில பத்து மைக்ரோமீற்றர் நகர்ந்தாலே போதும். பெரிய நிலநடுக்கங்களின் அலைப்பதிவுகளிலிருந்து கணக்கிட்டால் அதே தூரம் பத்துச் சென்ரிமீற்றரிலிருந்து மீற்றர் வரை வருகிறது. நடுவில் உள்ள பத்தாயிரம் மடங்கை எப்படிக் கடப்பது என்பதில்தான் அந்தத் துறை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.